உளுக்காத சத்து: தரப்புரத மக்காச்சோள விதைக்கு ஒரு மதிப்புரை

விதைப்பைகளில் கியூபிஎம் என்னும் சுருக்கப்பெயரோடு விற்கப்படும் தரப்புரத மக்காச்சோளம், தானியங்களின் ஊட்டத்தை மரபுவழியில் உயர்த்தும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்ட விதைகளுள் மிக நீண்ட வரலாறு உடையவற்றில் ஒன்று. இந்த மதிப்புரை ஏதோ ஒரு நிறுவனத்தின் தனி ரகத்தைப் பற்றியதன்று. அப்பெயரில் விற்கப்படும் விதை நமக்கு எதை வாக்களிக்கிறது, அந்த வாக்கு வயலிலும் சேமிப்பிலும் உண்பவரின் உடலிலும் எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பதைப் பற்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளமே அன்றாட உணவின் பெரும்பங்காக இருக்கும் குடும்பத்துக்கும், தான் விளைவித்த தானியத்தையே கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக இடுபவருக்கும் இது நம்பி வாங்கத்தக்க விதை. ஆனால் பூச்சியிடமிருந்து கூடுதல் காவலை எதிர்பார்த்து இதை வாங்குவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். சத்தை உயர்த்தும்போது காவல் குறைந்துபோகும் என்பதை இவ்விதையின் வரலாறு மிகத் தெளிவாகக் காட்டியிருந்தும், இன்றுவரை வெளியான ரகங்களில் அக்காவல் இழந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டிருக்கிறதே தவிர, அதற்கு மேலாக வளர்க்கப்படவில்லை.

முதலில் வாக்குறுதியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இம்மணியில் புரதம் அதிகம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் சாதாரண மணியிலும் தரப்புரத மணியிலும் புரதத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றே, பொதுவாக 8 முதல் 11 விழுக்காடு வரை. வேறுபடுவது அப்புரதத்தின் தரம். மக்காச்சோள மணியின் பெரும்பகுதியாகிய முளைசூழ்தசையில் சேர்த்து வைக்கப்படும் புரதத்தில் பாதிக்கும் மேற்பட்டது சீயின் என்னும் வகையைச் சேர்ந்தது. அதில் லைசின், டிரிப்டோபான் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இவ்விரண்டையும் மனித உடல் தானாக உருவாக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். அமெரிக்க உயிர்வேதியியலாளர்களான ஆஸ்போர்னும் மெண்டலும் 1914ஆம் ஆண்டிலேயே எலிகளுக்குச் சீயினை மட்டும் புரதமாகக் கொடுத்தபோது வளர்ச்சி நின்றுபோவதையும், இவ்விரு அமிலங்களையும் சேர்த்ததும் வளர்ச்சி மீள்வதையும் காட்டிவிட்டார்கள். டிரிப்டோபானிலிருந்தே உடல் நயாசின் என்னும் வைட்டமினின் ஒரு பகுதியை உண்டாக்கிக்கொள்கிறது என்பதால், மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த மக்களிடையே, நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியதற்கும் இக்குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டு.

தரப்புரத மணியில் லைசினின் பங்கு புரதத்தில் ஏறத்தாழ 2 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டை ஒட்டி உயர்கிறது. டிரிப்டோபானும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. உட்கொண்ட புரதத்தில் எவ்வளவை உடல் தக்கவைத்துக்கொள்கிறது என்பதைக் குறிக்கும் உயிரியல் மதிப்பு, சாதாரண மக்காச்சோளத்துக்கு 40 முதல் 45 வரை இருக்க, இதற்கு 80ஐ ஒட்டி வருகிறது. ஒரே நிலத்தில், ஒரே உழைப்பில், ஒரே எடையில் விளைந்த தானியம் உடலுக்குத் தரும் பயன் இவ்வளவு மாறுபடுகிறது என்பது சிறிய செய்தி அன்று.

இத்தன்மைக்கு மூலமான ஓபேக்-2 என்னும் மரபணு மாற்றம் இயற்கையாகத் தோன்றியது. ஆய்வகத்தில் வேறோர் உயிரியிலிருந்து எடுத்துப் புகுத்தப்பட்டதன்று. மணியைச் சுண்ணாம்புபோல் வெளிறச் செய்யும் விந்தையான பண்பாக மட்டுமே அது பல பத்தாண்டுகள் மரபியலாளர்களிடம் கிடந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மெர்ட்ஸ், நெல்சன், பேட்ஸ் ஆகியோர் 1964இல் அம்மணிகளின் புரதத்தைப் பகுத்துப் பார்த்தபோதுதான் லைசின் இரு மடங்கு இருப்பது தெரிய வந்தது. சீயின் மரபணுக்களைத் தூண்டிவிடும் ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் இத்தாவரத்தில் செயலிழந்திருக்கிறது. அதனால் சீயின் குறைகிறது, அது விட்ட இடத்தை லைசின் மிகுந்த பிற புரதங்கள் நிரப்புகின்றன. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் இதன் புரதத்தரம் பால் புரதத்தின் தரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டியது. உலகின் புரதப் பற்றாக்குறைக்கு விடை கிடைத்துவிட்டது என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை வயலிலும் களஞ்சியத்திலும் உடைந்தது. அது உடைந்த விதத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் இன்று கடையில் கிடைக்கும் விதையின் நிறையும் குறையும் அங்கிருந்தே வருகின்றன. சீயின் சத்தற்ற புரதம் என்பது உண்ணும் மனிதனின் கணக்கு. செடியின் கணக்கில் அதற்கு வேறொரு வேலை இருந்தது. முற்றும் மணியில் மாவுச்சத்துத் துகள்களுக்கு இடையே சீயின் நிறைந்த நுண்ணிய புரத உருண்டைகள் செங்கற்களுக்கிடையே பூசிய சாந்துபோல் இறுகி, மணிக்குக் கண்ணாடி போன்ற கெட்டித்தன்மையைத் தருகின்றன. சீயினைக் குறைத்ததும் அந்தப் பிடிப்பு போய்விட்டது. மணி மென்மையாகி, எடை குறைந்து, உள்ளே மாவாக இருந்தது. விளைச்சல் குறைந்தது. அறுவடைக்கு முன் மணி உலர நாள் பிடித்தது. அந்த ஈரத்தில் கதிரழுகல் பூஞ்சைகள் தங்கின. இயந்திரத்தில் உதிர்க்கும்போது மணிகள் உடைந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சேமிப்பில் கூன்வண்டு அதைத் தின்று தீர்த்தது.

மக்காச்சோளக் கூன்வண்டின் வாழ்வை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் ஒரு குழியைக் குடைந்து, அதில் ஒரு முட்டையை வைத்து, பசைபோன்ற சுரப்பால் வாயை அடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மணி முழுதாகவே தெரியும். புழு மணிக்குள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகித் துளையிட்டு வெளிவரும் வரை ஏறத்தாழ ஐந்து வாரம் மட்டுமே ஆகலாம். வெப்பமும் ஈரமும் அதற்கு ஏற்றபடி இருந்தால் ஒரு சேமிப்புக் காலத்துக்குள் பல தலைமுறைகள் பெருகிவிடும். மணி கெட்டியாக இருந்தால் குழி குடைய நேரமாகும். இடும் முட்டைகள் குறையும். உள்ளே புழு வளர்வதும் மெதுவாகும். மென்மையான ஓபேக் மணியில் இத்தடைகள் எதுவும் இல்லை. இதோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். மனிதனுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை பூச்சிக்கும் இன்றியமையாதவை. ஆகவே நமக்காக உயர்த்திய லைசின், மணிக்குள் வளரும் புழுவின் உணவையும் வளப்படுத்தியிருக்கக்கூடும்.

இந்த விதையைப் பெற்ற விவசாயிகள் அடுத்த பருவத்தில் அதை விதைக்க மறுத்தார்கள். ஊட்டச்சத்தின் அருமையை அவர்கள் அறியவில்லை என்று அன்று சிலர் குறைகூறியது நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து. உளுத்துப்போன தானியத்தில் எத்தனை விழுக்காடு லைசின் இருந்தது என்பதால் எந்த வீட்டுக்கும் பயனில்லை. வண்டு முளைக்கருவைத் தின்றுவிட்டால் மறு விதைப்புக்கும் அந்த மணி உதவாது. துளைபட்ட மணியில் பூஞ்சை ஏறினால் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சும் சேர்கிறது. சேமிப்பில் நிலைக்காத சத்தைச் சத்தாகக் கணக்கிடக் கூடாது என்பதை அவ்விவசாயிகள் ஆய்வாளர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள்.

எதிர்த்திசையிலும் இதே இழுபறி உண்டு. மக்காச்சோளத்தினின்று வேறான நாட்டுச் சோளத்தில், டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த ரகங்களைப் பறவைகள் அவ்வளவாக நாடுவதில்லை, கதிர்ப்பூஞ்சைகளும் குறைவாகவே தாக்குகின்றன. ஆனால் அதே டானின் புரதத்தோடு பிணைந்து செரிமானத்தைக் குறைக்கிறது, இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் பொருள்களில் பல, அதை உண்ணும் நமக்கும் தடையாக அமைகின்றன. எனவே பூச்சி எதிர்ப்பையும் ஊட்டத்தையும் தனித்தனிப் பிரிவுகளில், தனித்தனி ஆட்கள், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல் மேம்படுத்தினால் ஒன்றின் வெற்றி மற்றொன்றின் தோல்வியாக முடியும் அபாயம் எப்போதும் இருக்கிறது.

இனி இன்றைய விதைக்கு வருவோம். மெக்சிகோவில் உள்ள சிமிட் என்னும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தில், பயிர்ப்பெருக்க அறிஞரான சுரீந்தர் வாசலும் உயிர்வேதியியலாளரான எவாஞ்சலினா வில்லேகாஸும் 1970களிலிருந்து இணைந்து செய்த பணியே ஓபேக்-2 விதையை மறு உயிர்ப்பித்தது. பெரும்பாலானோர் அம்மரபணுவைக் கைவிட்ட காலம் அது. மக்களுக்குத் தேவையான புரதத்தின் அளவு முன்பு எண்ணியதைவிடக் குறைவே என்று வல்லுநர் குழுக்கள் கூறியதும், ஆராய்ச்சிக்கான பண உதவியும் வற்றியது. ஓபேக்-2 தன்மை இருந்தும் மணியின் ஒரு பகுதி கெட்டியாக அமைந்த அரிய கதிர்கள் சில இடையிடையே தென்பட்டன. அக்கெட்டித்தன்மையைத் தருபவை வேறு சில மரபணுக்கள். அவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கீழிருந்து ஒளி பாயும் மேசைமேல் மணிகளைப் பரப்பி, ஒளி ஓரளவு ஊடுருவும் மணிகளைப் பொறுக்கினார்கள்; அவற்றுள்ளும் டிரிப்டோபான் குறையாதவை எவை என்று வில்லேகாஸின் ஆய்வகம் சோதித்துத் தந்தது. கெட்டித்தன்மையை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் பழைய சத்தற்ற மணிக்கே திரும்பிவிடும் ஆபத்து இருந்ததால், ஆய்வகச் சோதனை இல்லாமல் இத்தேர்வு ஒரு தலைமுறைகூட முன்னேறியிருக்க முடியாது. இக்கெட்டித்தன்மைக்குக் காரணம் காமா சீயின் என்னும் வேறொரு சீயின் வகை இம்மணிகளில் இரண்டு மூன்று மடங்கு மிகுந்திருப்பதே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஓபேக்-2 குறைத்துவிட்ட ஆல்பா சீயின் என்னும் வகை குறைந்தபடியே இருக்க, சிறிதளவு காமா சீயின் மணியை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. இப்பணிக்காக இருவரும் 2000ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார்கள். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் வில்லேகாஸ்.

கடையில் கியூபிஎம் என்று விற்கப்படுவது இவ்வாறு கெட்டிப்படுத்தப்பட்ட விதை. தோற்றத்திலும் எடையிலும் விளைச்சலிலும் நல்ல சாதாரண ரகத்தோடு இது போட்டியிடுகிறது. கானாவில் 1992இல் வெளியிடப்பட்ட ஒபடான்பா என்னும் ரகம் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் பரவியதற்கு அதன் சத்து மட்டுமன்று, விளைச்சலும் ஒரு காரணம். சத்துக்காக விளைச்சலை விட்டுக்கொடு என்று விவசாயியிடம் கேட்காத நிலைக்கு இவ்விதை வந்து சேர்ந்திருப்பதை அதன் மிகப் பெரிய நிறையாகக் கருதுகிறேன்.

ஆனால் சேமிப்பில் இது எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கியூபிஎம் என்ற பெயர் அமினோ அமிலத்துக்கு மட்டுமே உத்தரவாதம். வண்டுக்கு எதிராக எதையும் அது உறுதிசெய்வதில்லை. கெட்டி மணி ரகங்கள் வண்டை ஓரளவு தாங்குகின்றன. மணியின் முனையில் மாவுத்தன்மை மிஞ்சியிருக்கும் ரகங்கள் விரைவில் உளுக்கின்றன. மணியின் கெட்டித்தன்மையைத் தவிர வேறு இரு பண்புகளும் இங்கு முதன்மையானவை. மணியின் மேல்தோலில் பெருலிக் அமிலமும் அதன் இணைச் சேர்மங்களும் மிகுந்திருந்தால் தோலின் செல்சுவர்கள் ஒன்றோடொன்று பிணைந்து வண்டின் வாய்க்குக் கடினமாகின்றன. மற்றொன்று கதிரை மூடும் மட்டை. கூன்வண்டின் தாக்குதல் களஞ்சியத்தில் தொடங்குவதாக நாம் நினைத்தாலும், பெரும்பாலும் அது வயலிலேயே, முற்றிக்கொண்டிருக்கும் கதிரில் தொடங்கிவிடுகிறது. மட்டை நுனிவரை இறுக்கமாக மூடியிருக்கும் ரகத்தில் வண்டு நுழைய வழி குறைவு. கதிர்நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரகத்தை, அது எவ்வளவு சத்துடையதாயினும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரகங்களின் வண்டு தாங்கும் திறனை ஒப்பிட டோபி குறியீடு என்னும் எளிய அளவை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. குறிப்பிட்ட அளவு மணிகளில் வண்டுகளைச் சில நாள் விட்டு எடுத்து, பின் எத்தனை புதிய வண்டுகள், எவ்வளவு நாளில் வெளிவருகின்றன என்பதிலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். வேளாண் கல்லூரி ஆய்வகம் எதிலும் செய்யக்கூடிய சோதனை இது. இருந்தும் விதைப்பையோடு தரப்படும் குறிப்பில் வயதும் விளைச்சலும் லைசினும் இருக்க, இந்த எண் இருப்பதில்லை. சத்துக்காக விற்கப்படும் ஒரு விதையில் இது பெருங்குறை. அந்தச் சத்து நாம் உண்ணும் நாள்வரை தானியத்தில் நிலைக்குமா என்று சொல்லும் எண் அதுதானே.

இன்றைய நிலையில் இதை வாங்குவோர் சேமிப்புக் காவலைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மணியின் ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும்வரை உலர்த்தி, காற்றுப்புகாத பையிலோ கலத்திலோ அடைத்தால், உள்ளிருக்கும் வண்டுகளும் புழுக்களும் தம் மூச்சாலேயே ஆக்சிஜனைத் தீர்த்து மடிகின்றன. மருந்து எதுவும் தேவையில்லை. சரியாக உலராத தானியத்தை இவ்வாறு அடைத்தால் கெட்டுப்போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பெரிய தானியத்துளைப்பான் என்னும் வண்டினம் உள்ள பகுதிகளில் கூடுதல் விழிப்பு வேண்டும். அது கதிரோடு வைத்த மணியையும் மாவாக்கிவிடும் வல்லமை உடையது, மெல்லிய பைகளையும் துளைக்கும்.

வயலில் வரும் பூச்சிகளைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகம் இல்லை. தண்டுத்துளைப்பானுக்கோ படைப்புழுவுக்கோ எதிராக ஓபேக்-2 மரபணு எதையும் தருவதில்லை. ஒரு ரகம் எந்தத் தாய்வழியிலிருந்து உருவாக்கப்பட்டதோ அதைப் பொறுத்தே அந்த எதிர்ப்பு அமையும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 2016இல் ஆப்பிரிக்காவுக்கும் 2018இல் ஆசியாவுக்கும் வந்து சேர்ந்த படைப்புழு, இலைக்குருத்தைத் தின்பதோடு கதிருக்குள்ளும் நுழைகிறது. அது ஏற்படுத்தும் துளை வழியே பூஞ்சையும் சேமிப்பு வண்டும் பின்தொடர்கின்றன. ஆகவே வயல் பூச்சி வேறு, சேமிப்புப் பூச்சி வேறு என்று முற்றிலும் பிரித்துப் பார்க்க இயலாது.

இங்கே மரபுவழிப் பெருக்கத்துக்குக் கைகொடுக்கக்கூடிய பொருள் ஏற்கெனவே இருக்கிறது. மக்காச்சோளத்தின் இளஞ்செடிகளில் டிம்போவா என்னும் சேர்மம் மிகுந்திருக்கிறது. அது துளைப்பான் புழுக்களின் வளர்ச்சியை முடக்குகிறது, செடி வளர வளர அதன் அளவு குறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் உருவாக்கப்பட்ட எம்பி708 என்னும் தூயவழி மக்காச்சோளம், புழு கடித்தவுடன் கடித்த இடத்தில் ஒரு நொதியைக் குவிக்கிறது. அந்நொதி புழுவின் குடலின் உட்படலத்தைச் சிதைத்து, செரிமானத்தைக் கெடுத்து, வளர்ச்சியைத் தடுக்கிறது. இத்தகைய எதிர்ப்பு மணியின் சத்தைத் தொடுவதில்லை, ஏனெனில் அது செயல்படும் இடம் இலை. சத்து மணியிலும் காவல் இலையிலும் மட்டையிலும் மேல்தோலிலும் இருக்குமாறு இடம் பிரித்து அமைத்தால், முன்னர்ச் சொன்ன இழுபறியின் பெரும்பகுதி தானே தளர்ந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

ஒரே மரபணுவை நம்பும் எதிர்ப்பு நெடுநாள் நிற்காது என்பதும் தெரிந்த பாடமே. நெல்லில் புகையான் என்னும் சாறுறிஞ்சும் பூச்சிக்கு எதிராக 1973இல் வெளியான ஐஆர்26 ரகம் ஒரேயொரு பெரிய மரபணுவைத் தாங்கி வந்தது. சில ஆண்டுகளிலேயே அதைத் தாக்கவல்ல புகையான் வகை பெருகியது. பின்னர் வந்த ஐஆர்64 ரகம் அதே பெரிய மரபணுவோடு சிறு விளைவுடைய வேறு சில மரபணுக் கூறுகளையும் கொண்டிருந்ததால் நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. மக்காச்சோளத்தில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் நச்சுப்புரத மரபணுவைப் புகுத்திய பிடி ரகங்கள் 1996இல் விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஒரு புரதத்துக்குப் பழகிய படைப்புழு பியூர்ட்டோ ரிக்கோவிலும், வேறொரு புரதத்துக்குப் பழகிய வேர்ப்புழு அயோவாவிலும் பின்னர்க் கண்டறியப்பட்டன. கியூபிஎம்மில் பூச்சி எதிர்ப்பைச் சேர்க்க முனைவோர் இப்பாடங்களைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டிய மற்றொரு பெரிய செய்தி, சத்தே கைநழுவிப் போகக்கூடும் என்பது. ஓபேக்-2 ஒடுங்கு மரபணு. இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் அது வேலை செய்யும். மக்காச்சோளம் காற்றால் அயல்மகரந்தச் சேர்க்கை அடையும் பயிர். பக்கத்து வயலில் சாதாரண ரகம் அதே நாள்களில் பூத்தால், அதன் மகரந்தம் விழுந்த ஒவ்வொரு மணியும் அந்தப் பருவத்திலேயே சாதாரண மணியாகிவிடும். வயலின் ஓர வரிசைகளில் இந்த இழப்பு மிகுதி, நடுவே செல்லச் செல்லக் குறையும். உண்பதற்கு மட்டும் பயிரிடுவோர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சொந்த விதையைச் சேமிப்போருக்கோ, ஒவ்வொரு பருவமும் இந்தக் கலப்பு கூடிக்கொண்டே போய், சில தலைமுறைகளில் பெயர் மட்டும் மிஞ்சும். ஆகவே விதைக்கான கதிர்களை வயலின் நடுப்பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும். ஒபடான்பா போன்ற, ஒட்டு அல்லாத பொறுக்கு ரகமாயினும் சில பருவங்களுக்கு ஒருமுறை புதிய சான்று விதை வாங்குவதே அறிவுடைமை. வீரிய ஒட்டு ரகமானால் ஒவ்வொரு பருவமும் வாங்கத்தான் வேண்டும், அதற்கும் இரு பெற்றோரும் ஓபேக்-2 உடையனவாக இருந்திருக்க வேண்டும்.

இந்த இழப்பைக் கண்ணால் காண முடியாது என்பதே இதில் மிகவும் வருத்தம் தரும் பகுதி. கெட்டிப்படுத்தப்பட்ட மணி சாதாரண மணியைப் போலவே இருக்கிறது. சுவையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விவசாயியின் பார்வையில் இது வெற்றி. ஆனால் போலியையும் கலப்பையும் மறைத்துவிடுவதும் இந்த ஒற்றுமைதான். மணியின் புரதத்தில் டிரிப்டோபான் 0.8 விழுக்காடாவது இருக்கிறதா என்பதே நம்பகமான சோதனை. அதை ஆய்வகத்தில்தான் செய்ய முடியும். ஓபேக்-2 மரபணுவுக்குள்ளேயே அமைந்த மூலக்கூறு அடையாளங்களைக் கொண்டு இலைத்துண்டிலிருந்தே பெற்றோர்வழிகளைச் சரிபார்க்கும் முறையும் வந்துவிட்டது. விதை விற்பவர் இவற்றில் ஒன்றின் முடிவையாவது காட்ட வேண்டும். காட்டத் தயங்கும் கடையில் இந்த விதையை வாங்க வேண்டாம்.

உடலில் தெரியும் பயனுக்கு வருகிறேன். லேசானது முதல் நடுத்தரமானது வரை ஊட்டக்குறைவு உடைய குழந்தைகளிடம் நடந்த பல சோதனைகளைச் சேர்த்து 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சாதாரண மக்காச்சோளம் உண்டவர்களைவிடத் தரப்புரத மக்காச்சோளம் உண்டவர்களின் எடை வளர்வீதம் 12 விழுக்காடும், உயர வளர்வீதம் 9 விழுக்காடும் கூடுதலாக இருந்ததாகக் கண்டது. மக்காச்சோளமே உணவின் பெரும்பகுதியாக உள்ள இடங்களுக்குப் பொருந்தும் முடிவு இது. பருப்பும் பாலும் முட்டையும் தட்டில் தவறாமல் இடம்பெறும் வீட்டில் லைசின் ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிடுகிறது. அங்கே இவ்விதையால் குழந்தையிடம் பெரிய மாற்றத்தை எதிர்பார்ப்பது வீண். அதுபோலவே வயிறு நிறையவே உணவில்லாத இடத்தில், உடல் தரமான புரதத்தையும் எரிபொருளாக எரித்துவிடுகிறது. இந்த விதையைப் பசிக்கு மருந்தாக விளம்பரப்படுத்துவோரை நான் ஏற்கவில்லை. ஒற்றைத் தானியத்தின் மேல் வாழ்க்கை நடத்தும் குடும்பத்தில், தட்டில் வேறெதுவும் சேராத நாள்களில், குழந்தைக்குக் கிடைக்கும் ஒரு பாதுகாப்பு இது. அந்த அளவே எனக்குப் போதுமான பெருமையாகத் தோன்றுகிறது.

கால்நடைகளிடம் பயன் இன்னும் நேரடியாகத் தெரியும். பன்றிக்கும் கோழிக்கும் மக்காச்சோளம் சார்ந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாகும் சத்துகளில் லைசின் முக்கியமானது. அதை ஈடுசெய்யவே சோயாப் புண்ணாக்கும் செயற்கை லைசினும் சேர்க்கிறார்கள். இத்தானியத்தைப் பயன்படுத்தினால் அச்செலவு குறையும். சேர்ப்பதற்கு வேறெதுவும் வாங்க இயலாத சிறு பண்ணையில் வளர்ச்சி வேறுபாடு கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இருக்கும்.

ஊட்டத்தின் மேல் ஊட்டத்தை அடுக்கும் முயற்சியில் இவ்விதை நல்ல முன்னேற்றம் கண்டிருக்கிறது. இந்தியாவில் 2008இல் வெளியான விவேக் கியூபிஎம் 9 என்னும் ஒட்டு ரகத்தோடு, வைட்டமின் ஏயின் முன்வடிவமான கரோட்டின்கள் மணியில் சிதையாமல் தங்கச் செய்யும் மரபணு வடிவத்தை மூலக்கூறு அடையாளங்களின் துணையால் சேர்த்து, 2017இல் பூசா விவேக் கியூபிஎம் 9 இம்ப்ரூவ்ட் என்னும் ரகத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. ஒரே மணியில் லைசின், டிரிப்டோபான், வைட்டமின் ஏ என மூன்றும் சேர்ந்தது பாராட்டத்தக்க சாதனை. ஆயினும் கரோட்டின்கள் சேமிப்பில் காற்றும் வெப்பமும் பட்டுச் சில மாதங்களிலேயே கணிசமாகக் குறைந்துவிடும் இயல்புடையவை. வண்டு துளைத்த மணியில் காற்று உள்ளேயும் புகுகிறது. அடுக்கப்பட்ட சத்து கூடக் கூட, அதைக் காக்க வேண்டிய மேல்தோலுக்கும் மட்டைக்கும் வேலை கூடுகிறது. மூலக்கூறு அடையாளங்களால் மூன்று சத்துகளை ஒருங்கே சேர்க்க முடிந்த பயிர்ப்பெருக்க நிலையங்கள், வண்டு தாங்கும் கெட்டித்தோலையும் இறுகிய மட்டையையும் அதே தாய்வழிகளில் சேர்ப்பதை அடுத்த வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போதைக்கு இதை விதைக்க எண்ணுவோர் கெட்டி மணியும் மூடிய மட்டையும் உடைய ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். டிரிப்டோபான் சோதனை முடிவைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வயல் பூக்கும் நாளோடு உங்கள் பயிர் பூக்கும் நாள் ஒன்றாக வராதபடி விதைப்பைச் சில வாரம் முன்பின்னாகத் தள்ளிக்கொள்ளுங்கள். உலர்த்தாமல் எதையும் மூட்டை கட்ட வேண்டாம். அடுத்த முறை புதிய ரகம் ஒன்று அறிமுகமாகும் கூட்டத்துக்குச் சென்றால், லைசின் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், இதன் டோபி குறியீடு எவ்வளவு என்றும் கேளுங்கள். அவ்வெண் குறிப்பேட்டில் அச்சாகி, அது நல்ல எண்ணாகவும் இருக்கும் ரகம் வரும்போது, இந்த மதிப்புரையில் நான் குறைத்துச் சொன்ன பகுதியை மகிழ்ச்சியோடு மாற்றி எழுதுவேன்.